சுடுமண் போர்த்திய எஃகு: சலிவனின் உயர்மாடிகளில் அணிவேலைக்கு என்ன இடம்?

அமெரிக்காவின் பஃபலோ நகரில், சர்ச் தெருவும் பேர்ல் தெருவும் கூடும் முனையில் 13 மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. சிகாகோவைச் சேர்ந்த டாங்க்மார் ஆட்லரும் லூயிஸ் சலிவனும் கூட்டாக வடிவமைத்த அந்தக் கட்டடம் 1896இல் முடிந்தது. கேரண்டி கட்டடம் என்பது அதன் முதல் பெயர். பின்னாளில் கடன் கொடுத்த காப்பீட்டு நிறுவனத்தின் பெயரால் புருடென்ஷியல் கட்டடம் என்றும் வழங்கிற்று. தெருவைப் பார்த்த அதன் இரண்டு முகங்களும் செம்பழுப்புச் சுடுமண்ணால் ஆனவை. அடியிலிருந்து கொடுங்கைவரை அந்தச் சுடுமண்ணில் வெறுமையான இடம் என்று சொல்ல ஏறக்குறைய எதுவும் இல்லை. தூண்களில் வடிவியல் கட்டங்கள், சன்னல்களின் அடிப்பலகங்களில் இலையும் விதையுறையும், உச்சி மாடியில் வட்டச் சன்னல்களைச் சுற்றிச் சுழன்று ஏறும் கொடிக்கருக்கு.

கட்டடம் முடியும் தறுவாயில், 1896 மார்ச்சில், லிப்பின்காட்ஸ் இதழில் சலிவன் ஒரு கட்டுரை எழுதினார். உயரமான அலுவலகக் கட்டடத்தைக் கலையாக்குவது எப்படி என்பது அதன் பொருள். வடிவம் பயனைப் பின்பற்றியே அமையும் என்ற விதியை அவர் உலகுக்குச் சொன்னது அதில்தான். அடுத்த நூற்றாண்டின் கட்டடக் கலைஞர்கள் அந்த விதியை வெற்றுச் சுவருக்கான உத்தரவாகவே எடுத்துக்கொண்டார்கள். அப்படியென்றால் விதியைச் சொன்னவரே தன் கட்டடத்தில் இவ்வளவு அணிவேலை செய்தது ஏன்? முரண்பாடா, மறைவான பொருத்தமா, வாடிக்கையாளருக்காகச் செய்த சமரசமா? நூறு ஆண்டுகளுக்கு மேலாக இதற்குப் பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. அந்தப் பதில்களில் முக்கியமானவை எங்கிருந்து கிளம்பின, எங்கே தளர்கின்றன என்று பார்ப்பது இக்கட்டுரையின் வேலை.

எஃகும் மண்ணும்

முதலில் கட்டுமானத்தைப் பார்த்துவிட வேண்டும். இதைத் தள்ளிவைத்துவிட்டுப் பேசிய வாதங்களே அதிகம் தடம் மாறியிருக்கின்றன.

1871இல் சிகாகோ எரிந்தபோது, இரும்பு தீப்பிடிக்காது என்ற நம்பிக்கையும் சேர்ந்து எரிந்தது. இரும்பு எரியவில்லை, ஆனால் வெப்பத்தில் இளகி, வளைந்து, தாங்கியிருந்த மாடிகளைக் கீழே விட்டது. நகரம் மீண்டும் எழுந்தபோது உலோகத்தை வெப்பத்திலிருந்து காக்கும் வழி தேடப்பட்டது. சூளையில் ஒருமுறை வெந்த மண் மறுமுறை தீயைக் கண்டு அஞ்சாது என்பதால் துளையுள்ள சுடுமண் கட்டிகள் தூணையும் உத்தரத்தையும் சுற்றின. 1885இல் வில்லியம் லெ பரோன் ஜென்னியின் ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடத்தில் பாரத்தைப் பெருமளவு உலோகச் சட்டகமே ஏற்றுக்கொண்டது. அடுத்த பத்தாண்டுக்குள் எஃகுச் சட்டகம் முழுமை பெற்றது. மாடிகளின் எடை சுவரை விட்டு நீங்கியது. மழையையும் காற்றையும் தீயையும் தடுக்கும் உறையாகச் சுவர் மாறியது.

அந்த உறையின் வெளிமுகத்துக்கும் சுடுமண்ணே ஏற்றதாயிற்று. கல்லைவிட எடை குறைவு, விலையும் குறைவு. அதைவிட முக்கியம், ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப எடுக்க முடியும். வரைபடத்தைப் பார்த்துச் சிற்பி களிமண்ணில் முதல் உருவைச் செய்வார். அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுப்பார்கள். அச்சுக்குள் களிமண்ணை அழுத்தி, பின்பக்கம் பொள்ளலாக விட்டு, உலர்த்திச் சூளையில் வைப்பார்கள். உலரும்போதும் வேகும்போதும் மண் அடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் சுருங்கும். ஆகவே முதல் உருவை அந்த அளவுக்குப் பெரிதாகவே செய்ய வேண்டும். வெந்து வந்த துண்டுகளுக்கு எண்ணிட்டு ரயிலில் ஏற்றிவிடுவார்கள். கேரண்டிக்கான துண்டுகள் சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் டெரகோட்டா நிறுவனத்தில் தயாராயின. சலிவனுடைய வரைபடங்களைக் களிமண்ணில் உருவாக்கிக் கொடுத்தவர் நார்வேயில் பிறந்த கிறிஸ்டியன் ஷ்னைடர்.

இதிலிருந்து ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். கேரண்டியில் முதலில் வெறுஞ்சுவர் எழுந்து, பிறகு அதன்மேல் அணி ஒட்டப்படவில்லை. அணி அச்சிலேயே பிறந்தது. பூவேலையைச் செதுக்கி எடுத்துவிட்டால் மிஞ்சுவதற்கு வேறொரு சுவர் அங்கே கிடையாது. ஆயினும் இதிலிருந்து அணி தேவை என்று முடிவுகட்ட முடியாது. அதே அச்சு முறையில் மொட்டையான பலகையையும் எடுத்திருக்கலாமே என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

சலிவன் சொன்னவை

சலிவனுடைய எழுத்துகள் ஒரே பதிலைத் தருவதில்லை. 1892இல் கட்டடக் கலையில் அணிவேலை குறித்து அவர் எழுதிய கட்டுரை வியப்பானது. சில ஆண்டுகள் அணிவேலையை முற்றிலும் விட்டுவிட்டு, ஆடையில்லாமலே அழகாக நிற்கும் கட்டடங்களை அமைக்கப் பழகினால் நம் கலைக்கு நல்லது என்கிறார். அணி மனத்துக்கு ஒரு சுகம், உயிர்த்தேவை ஆகாது என்கிறார். அடுத்த பக்கங்களிலேயே திசை மாறுகிறது. செடியின் இலைகளுக்கிடையே பூ அரும்புவதைப்போல் அணி அந்தப் பொருளிலிருந்தே முளைத்ததாகத் தோன்ற வேண்டும். அணியோடு எண்ணப்பட்ட கட்டடத்திலிருந்து அணியைப் பிரித்தால் கட்டடத்தின் தனித்தன்மையே அழியும் என்று வாதிடுகிறார். அவர் மேற்கோள் காட்டப்படும்போதெல்லாம் இரண்டில் ஒரு பாதியே எடுக்கப்படுகிறது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

1896 கட்டுரையில் அணி பற்றி அதிகம் இல்லை. தரைமாடியில் கடைகள், அதன்மேல் எளிதில் ஏறிச்செல்லக்கூடிய இரண்டாம் மாடி, பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக ஒரேமாதிரியான அலுவலகங்கள், உச்சியில் இயந்திரங்களுக்கான மாடி என்று பயனைப் பிரித்து, அந்தப் பிரிவு வெளியே தெரிய வேண்டும் என்று கேட்கிறார். உயர்மாடிக்குரிய உணர்வு அதன் ஓங்கிய உயரம்தான் என்று வலியுறுத்துகிறார். விதி அங்கே இயந்திரத் திறனைக் குறிக்கவில்லை. பறவையும் மரமும் ஆறும் மேகமும் தத்தம் இயல்பை உருவமாக்கிக்கொள்வதையே அவர் சான்றாகக் காட்டுகிறார். பயன் என்ற சொல்லுக்குள் உயிரின் வேட்கையையும் அவர் அடக்கியிருந்தார். இதை ஏற்றால் முரண்பாடு பாதியாகக் குறைகிறது.

அந்த விதியைக் கூட்டாளியே திருத்த முயன்றார் என்பது அவ்வளவாகப் பேசப்படாத செய்தி. 1895இல் கூட்டு முறிந்தபின், அடுத்த ஆண்டு அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் மாநாட்டில் எஃகும் தட்டைக் கண்ணாடியும் பாணியை எப்படி மாற்றுகின்றன என்று பேசிய ஆட்லர், பயனோடு சூழலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றார். பொருள், காலநிலை, சட்டம், பணம் எல்லாம் சூழலில் அடங்கும். பொறியியல் பொறுப்பைச் சுமந்தவரின் குரல் அது.

வெற்றுச் சுவரின் பக்கம்

அணியை விலக்க வேண்டும் என்ற வாதம் அழகியலாகத் தொடங்கவில்லை. சிகாகோவில் அது முதலில் கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தது. 1891இல் முடிந்த மொனாட்நாக் கட்டடத்தின் வடபாதிக்குப் பணம் போட்ட பாஸ்டன் முதலீட்டாளர் பீட்டர் புரூக்ஸ், துருத்திக்கொண்டிருக்கும் எதுவும் அழுக்குச் சேரவும் புறா அடையவும்தான் உதவும் என்று எழுதியவர். ஜான் வெல்போர்ன் ரூட் வடிவமைத்த அந்த 16 மாடிக் கட்டடத்தின் செங்கல் சுவர் அடியில் 6 அடிப் பருமன்; பாரத்தைத் தானே தாங்குகிறது; அணி என்று ஒன்றுமே அதில் இல்லை. பாரம் சுமக்கும் சுவர் மொட்டையாக நிற்க, சில ஆண்டுகளில் பாரம் சுமக்காத சுவர் பூவேலையால் நிறைந்தது. அணிக்கும் அமைப்புக்கும் உள்ள உறவைப் பேசும் எந்தக் கோட்பாடும் இந்த இணையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அறத்தின் மொழியில் இந்த வாதத்தைக் கூர்மையாக்கியவர் வியன்னாவின் ஆடோல்ஃப் லோஸ். 1893 முதல் 1896வரை அமெரிக்காவில் வாழ்ந்து திரும்பியவர் அவர். 1910ஐ ஒட்டி அவர் ஆற்றிய புகழ்பெற்ற உரை, அணிவேலையை வீணான உழைப்பு என்றும் பின்தங்கிய பண்பாட்டின் அடையாளம் என்றும் பழித்தது. சலிவனின் 1892 கட்டுரையில் உள்ள துறவு யோசனையின் தொடர்ச்சியாகவே பலர் அதைப் படிக்கிறார்கள். ஆனால் லோஸின் வாதத்துக்கு அடிப்படை, தொழிலாளியின் நேரம் வீணாகிறது என்பது. ஒரு முதல் உருவிலிருந்து நூற்றுக்கணக்கான துண்டுகளை அச்சில் எடுக்கும் சுடுமண் தொழிலுக்கு அது அப்படியே பொருந்தாது. பின்தங்கிய இனம், முன்னேறிய இனம் என்று அவர் அடுக்கிய ஏணியை இன்று யாரும் ஏற்கக் கூடாது.

நவீனவாத வரலாற்றாசிரியர்கள் சலிவனைத் தூக்கி எறியவில்லை. தங்களுக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொண்டார்கள். 1935இல் ஹியூ மாரிசன் எழுதிய முதல் முழு நூல் அவரை நவீனக் கட்டடக் கலையின் தீர்க்கதரிசி என்று தலைப்பிலேயே அறிவித்தது. 1941இல் சிக்ஃப்ரீட் கீடியன், சிகாகோவில் சலிவன் வடிவமைத்த கார்சன் பிரி ஸ்காட் அங்காடியில் மேல்மாடிகளின் அகலச் சன்னல்களையும் சட்டக ஒழுங்கையும் போற்றினார். கீழிரு மாடிகளைப் போர்த்திய வார்ப்பிரும்புப் பூவேலைக்கு அவருடைய கதையில் இடம் சிறியது. 1964இல் கார்ல் காண்டிட் தொகுத்த சிகாகோ பள்ளியின் வரலாறும் சட்டகத்தின் வெற்றியையே முதுகெலும்பாகக் கொண்டது. இந்த நூல்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். கட்டடங்களை இடிக்கும் காலத்தில் அவற்றின் பெயரைக் காப்பாற்றியவை அவை. ஆனால் அணியை ஆசிரியரின் சொந்தப் பலவீனம் என்று ஒதுக்கிய அவற்றின் தீர்ப்பு, விடையைச் சொல்லவில்லை, கேள்வியைத் தவிர்த்தது.

இந்த வரலாற்றுப் பார்வையின் பெரிய ஓட்டை தூண்களில் இருக்கிறது. செயின்ட் லூயிஸில் 1891இல் எழுந்த 10 மாடி வெய்ன்ரைட் கட்டடத்தில் நெடுக ஏறும் சுவர்த்தூண்கள் எல்லாம் ஒரே பருமன். அவற்றில் ஒன்றுவிட்டு ஒன்றில்தான் உள்ளே எஃகு உண்டு. கேரண்டியிலும் கீழ்த்தளத்தின் அகன்ற தூண் இடைவெளி மேலே போகும்போது பாதியாகிறது. கூடுதலாக முளைத்த தூண்கள் பாரத்துக்காக வந்தவை அல்ல. சட்டகத்தை அப்படியே வெளிக்காட்டுபவர் இப்படிச் செய்யமாட்டார். ஆகவே அணியை நீக்கிவிட்டாலும் சலிவன் நவீனவாதிகள் விரும்பிய நேர்மையாளராக ஆவதில்லை. உயரத்தை உணர்த்துவதற்காக அமைப்பையே அவர் அணியாக்கியிருக்கிறார்.

விதையிலிருந்து வளர்ந்தது என்போர்

எதிர்த்திசையில் நிற்போர் சலிவனைத் தத்துவவாதியாகப் படிக்கிறார்கள். 1981இல் நார்சிசோ மெனோகல், எமர்சன் வழி வந்த அமெரிக்க இயற்கைத் தத்துவத்திலும், காணும் பொருள் ஒவ்வொன்றும் ஓர் ஆன்மிக உண்மைக்கு இணை என்ற ஸ்வீடன்போர்க்கின் சிந்தனையிலும் அவருடைய அணிவேலையை வேரூன்றினார். சலிவன் வால்ட் விட்மனுக்குக் கடிதம் எழுதியவர், ஆசா கிரேயின் தாவரவியல் நூலைக் கையில் வைத்திருந்தவர் என்பவை இந்த வாசிப்புக்குத் துணை நிற்கின்றன. இதன்படி நேர்கோடும் கட்டமும் உயிரற்றதன் ஒழுங்கு; இலையும் கொடியும் உயிரின் விரிவு; இரண்டும் ஒரே பலகையில் சேர்வதே கட்டடத்தின் பொருள்.

இதற்கு வலுவான ஆவணம் சலிவனே விட்டுச்சென்றது. இறுதிக்காலத்தில், வேலையும் வருமானமும் வற்றியபின், சிகாகோ கலைக் கழகத்துக்காக 20 தகடுகள் வரைந்தார். 1924இல், அவர் இறந்த ஆண்டில், அவை நூலாக வெளிவந்தன. முளைக்கும் விதையில் தொடங்கி, சதுரமும் வட்டமும் எப்படித் திறந்து இலைகளாகப் பெருகுகின்றன என்று படிப்படியாகக் காட்டும் தகடுகள் அவை. 2000இல் டேவிட் வான் ஸாண்டன் இந்த முறையை இன்னும் தூரம் கொண்டுபோனார். சலிவனுக்கு அணி என்பது கட்டடத்தின் மேல் வருவதல்ல, கட்டடத்தையும் நகரத்தையும் எண்ணிப்பார்க்கும் வழிமுறையே அதுதான் என்பது அவர் வாதம்.

இந்த வாசிப்பின் அழகு என்னை ஈர்க்கிறது. ஆனாலும் காலக்கணக்கு இடிக்கிறது. தகடுகள் 1920களின் வேலை. கேரண்டி 1890களின் வேலை. முதியவர் தன் இளமைக்குக் கொடுத்த விளக்கத்தை அந்த இளமையின் சாட்சியமாகக் கொள்ளும்போது எச்சரிக்கை வேண்டும். மேலும், விதையிலிருந்து ஒவ்வொன்றும் தனித்து வளர்கிறது என்பது தத்துவம். அச்சிலிருந்து ஒரே இலை நூறுமுறை வருகிறது என்பது தொழிற்சாலை நிலவரம். வெய்ன்ரைட்டில் மாடிக்கு மாடி சன்னலடிப் பலகத்தின் வடிவம் மாறுகிறது. அதே மாடிக்குள் மாறுவதில்லை. அந்தச் சமரசத்தில் இரண்டும் தெரிகின்றன.

தனிவாழ்வோடு சேர்த்துப் படித்தவர்களும் உண்டு. 1986இல் ராபர்ட் டூம்ப்ளி எழுதிய வாழ்க்கை வரலாறு, கட்டடத்தின் திண்மையை ஆண் கூறாகவும் பூவேலையைப் பெண் கூறாகவும் கண்டது. சான்றுகள் மறைமுகமானவை, இங்கே அதிகம் தங்க வேண்டியதில்லை.

வின்சென்ட் ஸ்கல்லி 1959இல் எழுதிய சிறு கட்டுரை இவர்களோடு முழுதும் சேராது. பார்ப்பவரின் உடலிலிருந்து அவர் தொடங்குகிறார். நிமிர்ந்து நிற்கும் கட்டடத்தை நம் உடலால் உணர்கிறோம். தூண் அழுந்துவதையும் எழுவதையும் அணி நம் கண்ணுக்குக் கடத்துகிறது. சக்திகளின் யுகத்தில் மனித அளவை மீட்கும் வேலை அது என்கிறார். கேரண்டியின் கீழ்த்தளத் தூண்களருகே நிற்பவருக்கு இது சரியாகவே தோன்றும். பத்தாவது மாடியின் நுண்ணிலைகள் நடைபாதையிலிருந்து இலைகளாகத் தெரிவதில்லை. நிழலாடும் சொரசொரப்பாக மட்டுமே தெரிகின்றன. அங்கே ஸ்கல்லியின் வாதம் என்ன செய்கிறது என்பது தெளிவாக இல்லை.

ஆடையாகச் சுவர்

கட்டுமானத்தோடு நெருங்கிப் பொருந்தும் விளக்கம் ஜெர்மனியிலிருந்து வந்தது. 1860களில் கோட்ஃப்ரீட் செம்பர், சுவரின் தொடக்கம் கல்லில் இல்லை, நெசவில் இருக்கிறது என்றார். ஆதியில் இடத்தை மறைத்தவை பாயும் துணியும்; பின்னால் தாங்குவதற்கு வந்தது வேறு; நெய்யப்பட்ட மேற்பரப்பின் நினைவே சுவரின் அணி. சிகாகோவில் ஜெர்மன் பேசும் பொறியாளர்களும் கட்டடக் கலைஞர்களும் நிறைய. செம்பரின் ஓர் உரையை ரூட், ஃபிரிட்ஸ் வாக்னர் என்பவரோடு சேர்ந்து மொழிபெயர்த்து, 1889–90இல் சிகாகோ தொழில் இதழ் ஒன்றில் வெளியிட்டார். மொனாட்நாக்கின் மொட்டைச் சுவரை எழுப்பிய அதே ரூட்தான் அவர்.

எஃகுச் சட்டகமும் சுடுமண் உறையும் செம்பரின் பிரிவினையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றுகின்றன. தாங்குவது ஒன்று, மூடுவது வேறு. இந்தக் கண்ணோடு கேரண்டியைப் பார்த்தால் பூவேலை கட்டடம் முழுவதும் மெல்லிய கம்பளம்போலப் பரவியிருப்பது விளங்குகிறது. புடைப்பு ஆழமில்லை, இடைவெளி இல்லை, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒரே அடர்த்தி. மொனாட்நாக் இணையும் தீர்கிறது. தானே தாங்கும் சுவருக்கு ஆடை வேண்டியதில்லை. மூடுவதே தொழிலான சுவர் தன் தொழிலை அணியாகச் சொல்கிறது. 1899இல் மான்ட்கோமரி ஸ்கைலர் நியூயார்க்கின் பேயார்டு கட்டடத்தைப் பாராட்டியபோது இதை ஒட்டிய கருத்தையே சொன்னார்: அங்கே மண் உறை சட்டகத்தை மறைக்கவில்லை, அதன் இயல்பு புலப்பட உதவுகிறது. பேயார்டில் சலிவன் எஃகு உள்ள தூணைப் பருமனாகவும், இல்லாததை ஒல்லியான கம்பமாகவும் வேறுபடுத்தினார் என்பதும் குறிப்பிடத்தக்கது. வெய்ன்ரைட்டின் மேல் எழுந்த குற்றச்சாட்டுக்கு அவரே எழுதிய திருத்தமாக அதைக் கொள்ளலாம்.

அணியைப் பொருளின் வேலையோடு சேர்த்துப் பார்க்கும் பார்வைக்கு இன்னொரு வழியிலும் ஆதரவு வந்தது. கொழும்பில் பிறந்து பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஆனந்த குமாரசுவாமி, 1939இல் எழுதிய கட்டுரையில், இன்று மிகை என்று கருதப்படும் அணி பழைய மரபுகளில் ஒரு பொருள் தன் வேலையைச் செய்வதற்கான கருவியாகவே எண்ணப்பட்டது என்று காட்டினார். சிகாகோ கட்டடங்களை முன்வைத்து எழுதப்பட்டதல்ல அது. லோஸின் வழிவந்த பழிப்புக்கு எதிரான பொதுவான மறுப்பு.

செம்பர் வழி விளக்கத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். சலிவன் செம்பரைப் படித்தாரா என்பதற்கு நேர்ச்சான்று இல்லை. காற்றில் இருந்த கருத்து என்ற அளவில்தான் வாதம் நிற்கிறது. தீயைத் தடுக்கும் வேலையில் பெரும்பங்கை உள்ளிருக்கும் துளைக்கட்டிகளே செய்துவிடுகின்றன. முகப்புச் சுடுமண் அந்த உறையின் வெளியோரம் மட்டும். 1895இல் சார்ல்ஸ் ஆட்வுட் முடித்த சிகாகோவின் ரிலையன்ஸ் கட்டடமும் இதே தொழில்முறையில் வந்தது. அது வெள்ளைப் பளபளப்புச் சுடுமண்ணை மிகக் குறைந்த அலங்காரத்தோடு, பெரும்பாலும் கண்ணாடிக்கு இடம்விட்டுப் பயன்படுத்தியது. உறை அணியைக் கோருகிறது என்றால் ரிலையன்ஸ் ஏன் கோரவில்லை? உறை அணியை அனுமதிக்கிறது என்று மட்டுமே சொல்ல முடியும்.

சலிவனிடம் பயின்ற ஃபிராங்க் லாயிட் ரைட் 1949இல் தன் குருவைப் பற்றி எழுதிய நூலில் மற்றொரு குறையைத் தொட்டார். கல், மரம், இரும்பு, மண் எல்லாவற்றிலும் சலிவனின் கை ஒரே மாதிரி ஓடியது. பொருளின் இயல்பை அவர் பிரித்துப் பார்க்கவில்லை. மண் மட்டும் அந்தக் கைக்கு இயல்பாகவே இணங்கியது. அணி சுடுமண்ணிலிருந்து பிறந்தது என்போர் கார்சன் அங்காடியின் வார்ப்பிரும்புக்குத் தனியே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாடகையும் தெருமுகமும்

1990களில் கேள்வி வேறு இடத்திலிருந்து எழுந்தது. உயர்மாடி என்பது வாடகைக்கு விடும் சரக்கு. டேனியல் புளூஸ்டோன், சிகாகோவின் அலுவலக மாளிகைகளில் பளிங்கும் மொசைக்கும் அலங்கார மின்தூக்கிக் கூண்டும் வணிகத்துக்குப் பண்பாட்டு மதிப்பைத் தேடித்தந்தன என்று காட்டினார். 1995இல் கரோல் வில்லிஸ் சலிவனின் விதியையே மாற்றி, வடிவம் நிதியைப் பின்பற்றுகிறது என்று தன் நூலுக்குப் பெயரிட்டார். மனையின் அளவு, சன்னலிலிருந்து வெளிச்சம் எட்டும் தூரம், நகரின் கட்டட விதி ஆகியவையே உருவத்தைத் தீர்மானித்தன என்பது அவர் முடிவு. கேரண்டியின் திட்டம் ஒரு பக்கம் திறந்த வெளிச்ச முற்றத்தைச் சுற்றி அமைந்ததும் அதே கணக்கால்தான். கார்சன் அங்காடியைத் தனியே ஆராய்ந்த ஜோசப் சைரி 1988இலேயே, கீழ்மாடிகளின் பூவேலை காட்சிச் சன்னல்களுக்குச் சட்டமாக அமைந்து, வாங்க வந்தவர்களின் கண்ணை நிறுத்தியது என்று விளக்கியிருந்தார்.

கேரண்டியின் தொடக்கமே வணிகக் கதை. எண்ணெய்த் தொழிலில் பணம் சேர்த்த ஹாஸ்கல் டெய்லர் தன் பெயரைத் தாங்கும் மாளிகை ஒன்றை விரும்பினார், கட்டுமுன்பே இறந்துபோனார். திட்டத்தை எடுத்துக்கொண்ட கட்டுமான நிறுவனத்தின் பெயர் கட்டடத்துக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கடன்காரரின் பெயர் வந்தது. மூன்று பேருக்கும் ஒரே முகப்பு பொருந்தியிருக்கிறது.

பொருளாதாரப் பார்வைக்கு நேரடியான சான்று கட்டடத்தின் மறுபக்கத்தில் இருக்கிறது. தெருவைப் பார்க்காத சுவர்கள் எளிய செங்கல்லால் ஆனவை. பூவேலை மூலையில் நின்றுவிடுகிறது. விதையிலிருந்து வளர்ந்தது என்போர் இதற்குத் தரக்கூடிய பதில் எனக்குத் தெரிந்தவரை பலவீனமானது. எந்தச் செடியும் தெருப்பக்கம் மட்டும் பூப்பதில்லை. ஆடை வாதம் இதைக் கொஞ்சம் எளிதாகத் தாங்குகிறது, நல்ல துணியை வெளியே தெரியும் இடத்துக்கு ஒதுக்குவது எங்கும் உள்ள வழக்கம் என்பதால். ஆனால் வாடகைக் கணக்கும் எல்லாவற்றையும் விளக்குவதில்லை. வாடகைதாரரை ஈர்க்கத் தரைமாடியும் நுழைவுக்கூடமும் போதும். பத்தாவது மாடியின் சன்னலடிப் பலகத்தில், யாரும் கிட்டே நின்று பார்க்காத இடத்தில், அதே கவனத்தோடு இலை செய்ததற்குப் பண வரவு எதுவும் கிடையாது.

யாருடைய கை

இதுவரை சலிவனின் அணி என்று ஒரே பெயரில் பேசினோம். அது துல்லியம் அல்ல. கூட்டலுவலகத்தில் 1890ஐ ஒட்டிச் சேர்ந்து இருபது ஆண்டுகள் சலிவனோடு இருந்த ஜார்ஜ் கிரான்ட் எல்ம்ஸ்லி, கேரண்டியின் அணிகளை விவரமாக வரைந்ததில் பெரும்பங்கு தன்னுடையது என்று பிற்காலத்தில் தெரிவித்தார். அந்த வரைபடங்களைக் களிமண்ணாக்கியவர் ஷ்னைடர். தட்டைக் கோட்டை எவ்வளவு ஆழத்துக்குப் புடைக்க விடுவது, நிழல் எங்கே விழ வேண்டும் என்பதெல்லாம் அவர் விரல்கள் தீர்மானித்திருக்கக்கூடியவை. அச்சில் மண்ணை அழுத்திய தொழிலாளர்களின் பெயர்கள் வரலாற்றில் இல்லை. தத்துவ விளக்கங்கள் எல்லாம் ஒரே மனத்தைக் கற்பனை செய்துகொள்கின்றன. பல கைகள் சேர்ந்த வேலையை ஒருவரின் மனச்சான்றாகப் படிப்பது எவ்வளவு தகும் என்று அவை கேட்டுக்கொள்வது அரிது.

இடிப்புக்குப் பின்

இடிப்பும் இந்த விவாதத்தின் போக்கை மாற்றியது. ஆட்லரும் சலிவனும் சிகாகோவில் எழுப்பிய ஷில்லர் கட்டடம் 1961இல் போனது. அவர்களுடைய பங்குச் சந்தைக் கட்டடம் 1972இல் போனது. அணித் துண்டுகளை மீட்டுக்கொண்டிருந்த புகைப்படக் கலைஞர் ரிச்சர்ட் நிக்கல் அந்த இரண்டாவது இடிபாட்டில் சிக்கி உயிரிழந்தார். அவரைப் போன்றோர் காப்பாற்றிய துண்டுகள் இன்று அருங்காட்சியகச் சுவர்களில் கண்ணளவு உயரத்தில், விளக்கு வெளிச்சத்தில் இருக்கின்றன. பங்குச் சந்தையின் வர்த்தகக் கூடம் சிகாகோ கலைக் கழகத்தில் மீண்டும் அமைக்கப்பட்டுள்ளது. ஆராய்ச்சியாளர்கள் பலர் சலிவனின் அணியை முதலில் பார்ப்பது இப்படித்தான்: கட்டடம் இல்லாத அணியாக. அதன் நுட்பம் இங்கே முழுதும் தெரிகிறது; உயரத்தில், வெயிலில், தூரத்தில் அது செய்த வேலை தெரிவதில்லை. அணியைத் தன்னிறைவுள்ள கலையாகப் படிக்கும் போக்கு 1960களுக்குப் பின் வலுத்ததில் இந்தக் காட்சிமுறைக்கும் பங்கு இருக்கலாம்.

கேரண்டி தப்பியது. 1975இல் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டும், அடுத்த சில ஆண்டுகளில் இடிப்பின் விளிம்புவரை சென்று, செனட்டர் டேனியல் பாட்ரிக் மொய்னிஹன் உள்ளிட்டோரின் முயற்சியால் மீண்டு, 1980களில் புதுப்பிக்கப்பட்டது. வெய்ன்ரைட்டை மிசோரி மாநில அரசு வாங்கிக் காப்பாற்றியது.

தீர்ந்தவையும் தீராதவையும்

விதிக்கும் அணிக்கும் முரண்பாடு என்ற பழைய குற்றச்சாட்டு இனி நிற்காது என்றே கருதுகிறேன். சலிவன் பயன் என்று சொன்னது பொறியாளரின் பயன் அல்ல. கேரண்டியின் சுவரும் அணியைப் பின்னால் ஏற்றுக்கொண்ட சுவர் அல்ல. உறை வேறு, சட்டகம் வேறு என்ற ஆடை விளக்கம், இருக்கும் விளக்கங்களில் கட்டடத்தோடு மிகுதியாக ஒத்துப்போகிறது. ஆனால் அணி எப்படிச் சாத்தியமாயிற்று என்பதற்கே அது விடை. ஏன் இவ்வளவு, ஏன் இந்த இலைகள் என்பதற்கு விடை தராது. அங்கே இயற்கைத் தத்துவத்தைக் கூப்பிடாமல் இருக்க முடியவில்லை, அதன் காலக்கணக்கு தளர்ந்திருந்தாலும்.

எல்ம்ஸ்லி, ஷ்னைடர் இருவரின் பங்கைப் பிரித்துக் காட்டும் முழுமையான ஆய்வு, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஏவரி நூலகத்தில் உள்ள சலிவன் வரைபடங்களையும் கட்டடங்களில் எஞ்சியுள்ள துண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில் தொடங்க வேண்டும். தெருவிலிருந்து, நடப்பவரின் தொலைவில், இந்த அணி என்னவாகத் தெரிகிறது என்ற ஆராய்ச்சியும் துண்டுகளை ஆராய்ந்த அளவுக்கு நடக்கவில்லை. பஃபலோ செல்ல வாய்க்கும் வாசகர்கள் சர்ச் தெரு முகப்போடு திரும்பிவிட வேண்டாம். சுற்றிப் போய்ச் செங்கல் சுவர்களையும் பார்க்க வேண்டும். எந்த விளக்கத்தையும் அந்த மூலையில் வைத்துத்தான் சோதிக்க முடியும்.